மகளின் இரத்தத்தில் எடுத்த சவ்வு

என் மகளின் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தபோது நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

இதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றுவிடுகிறது. ஆனாலும் நடந்தது அதுதான். அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த வருடம். மேல்வரிசையில் அதுவரை நெருக்கமாக இருந்த நடுப்பற்கள் இரண்டில் ஒன்று மெல்ல விலக ஆரம்பித்தது. தீக்குச்சி நுழையும் அளவுக்குச் சந்து தெரிந்தது. முதலில் கவனித்தவர் என் அக்கா. சோமனூரில் விசைத்தறி போட்டிருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, துக்க வீட்டில்கூடச் சத்தமாகத்தான் பேசுவார். ஊர் நோம்பித் திருவிழாவுக்கு வந்திருந்தவர், மகளின் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"அட சாமி! அம்முணிக்குப் பல்லுச் சந்து உளுந்திருக்குது. ஏனுங்க தம்பி, இங்க வந்து பாருங்க. யோகம்னா இதுதானுங்க யோகம்!"

எங்கள் பக்கத்தில் முன்பல்லில் சந்து இருந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். நான் பம்பு வார்ப்படப் பட்டறையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவன். டிப்ளமோ படித்தவன். இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். ஆனால் அக்கா சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கேட்ட கல்லூரியில், கேட்ட பாடத்தில் மகளுக்கு இடம் கிடைத்தபோது, என் மனைவி அவள் மதிப்பெண்ணைச் சொன்னதைவிடப் பல்லைத்தான் அதிகம் சொன்னாள். மகளும் போட்டோக்களில் வாயைத் திறந்து சிரிக்க ஆரம்பித்தாள். அதற்கு முன் உதட்டை மூடித்தான் சிரிப்பாள்.

கல்லூரி சேர்ந்து சில மாதங்கள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். அவள் கையில் பாதி கடித்த கொய்யாவோடு வந்து நின்றாள்.

"அப்பா, கடிச்சா இந்தப் பல்லு உள்ளுக்குப் போற மாதிரி இருக்குதுங்க."

"எந்தப் பல்லு?"

"யோகப் பல்லு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் அந்தப் பல்லை லேசாகத் தள்ளிப் பார்த்தேன்.

ஆடியது.

என் வேலையில் ஒரு நாளைக்கு எத்தனையோ தண்டுகளையும் பேரிங்குகளையும் இப்படித்தான் விரலால் அசைத்துப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத ஆட்டத்தை விரல் சொல்லிவிடும். "ப்ளே இருக்குது" என்று ஒதுக்கி வைத்துவிடுவோம். அன்று என் விரலுக்குத் தெரிந்தது அந்த ஆட்டம்தான். பதினெட்டு வயதுப் பெண்ணின் வாயில். ஈறு இளஞ்சிவப்பாக, வீக்கமில்லாமல், விளம்பரத்தில் வருவதுபோல இருந்தது. வலி இல்லை என்றாள். இரத்தமும் வரவில்லை.

"ஒண்ணுமில்ல கண்ணு, ஒரு எட்டு டாக்டர்கிட்டக் காட்டீட்டு வந்தரலாம்" என்றேன். சொல்லும்போதே என் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. அது ஏன் என்று சொல்ல வேண்டும்.

என் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் என்னுடையவை அல்ல. மகள் பிறப்பதற்கு முன்பே, இருபதுகளின் கடைசியில், ஒவ்வொன்றாக ஆடிப் போயின. அப்போது பார்த்த டாக்டர் பிடுங்கிவிட்டு, கழற்றி மாட்டும் செட் ஒன்று செய்து கொடுத்தார். பட்டறைச் சூடு, உடம்புச் சூடு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே நம்பிக்கொண்டேன். மனைவிக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கழற்றுவேன். பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் பார்த்ததில்லை.

கோயமுத்தூரில் ஈறு நோய்க்கென்றே தனியாகப் பார்க்கும் பெண் டாக்டர் ஒருவரிடம் போனோம். நாங்கள் குடியிருக்கும் சூலூரிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தால் கிளினிக். டாக்டருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். பேச்சு ஈரோட்டுப் பக்கம். மகளின் வாயை வெகுநேரம் பார்த்தார். மெல்லிய கம்பி போன்ற கருவியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. எங்கே முட்டும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எக்ஸ்ரே எடுத்துத் திரையில் போட்டார்.

வார்ப்படத்துக்குள் காற்று மாட்டிக்கொண்டால் உள்ளே குழி விழும். ப்ளோ ஹோல் என்போம். மேலே வழவழவென்று இருக்கும். அறுத்துப் பார்த்தால்தான் உள்ளே பொள்ளல் தெரியும். திரையில் மகளின் முன்பல் வேரைச் சுற்றி அப்படி ஒரு கறுப்பு. கடைவாயில் இன்னொன்று. எலும்பு இருக்க வேண்டிய இடங்கள் அவை. எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

டாக்டர் நிதானமாகக் கேட்டார். "ஏனுங்க சார், குடும்பத்துல யாருக்காச்சும் சின்ன வயசுலயே பல்லு ஆடி விழுந்திருக்குதுங்களா?"

மகள் சட்டென்று, "இல்லீங்க டாக்டர்" என்றாள்.

நான் மகளைப் பார்த்தேன். பிறகு, அந்தப் பக்கமாகத் திரும்பி, இந்தப் பக்கமாகத் திரும்பி, கடைசியில் திரும்புவதற்கு இடமில்லாமல், வாயில் விரலை விட்டு செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தேன்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். உதடு உள்ளே போய், கன்னம் தொங்கி, இருபது வயது கூடிப்போன முகம். அதை நான் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். டாக்டர் எதுவும் நடக்காததுபோல டிஷ்யூ காகிதம் ஒன்றை நீட்டினார். "மாட்டிக்கங்க சார். சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார்.

இது இளவயதில் வருவது என்றார். ஒருவகைக் கிருமி. வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வரலாம். அதை எதிர்க்க முடியாத உடம்பின் பாங்கும் குடும்பத்தில் இறங்கி வரலாம். வலிக்காது, வீங்காது, முன்பல்லையும் முதல் கடைவாய்ப் பல்லையும் தேடிப்போய் எலும்பைத் தின்னும். பிடிமானம் போன பல் நாக்கும் உதடும் தள்ளுகிற பக்கம் நகர்ந்துவிடும். அதனால்தான் சந்து.

"வீட்டுல யோகம்னு சொன்னாங்க" என்றாள் மகள்.

"எங்கூட்டுலயும் அப்பிடித்தான் சொல்லுவாங்க கண்ணு. பொறந்ததுல இருந்து சந்து இருந்தா ஒண்ணும் தப்பில்ல. திடீர்னு விழுந்தாத்தான் வந்து பாக்கோணும்."

நான் ஒன்றுதான் கேட்டேன். பல் நிற்குமா. டாக்டர் திரும்பவும் திரையைப் பார்த்தார். எலும்பு குழி மாதிரி உள்வாங்கியிருக்கிறது, மூன்று பக்கம் சுவர் மிச்சம் இருக்கிறது, அது நல்ல அறிகுறி, முயற்சி செய்யலாம் என்றார். சரியாக வராவிட்டால் எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் ஏதாவது கேட்கட்டும் என்று காத்திருந்தேன். சிங்காநல்லூர் தாண்டியதும் கேட்டாள்.

"கடலை முட்டாய் வாங்குனா எனக்கே குடுத்துருவீங்களே, அது அதுக்குத்தானா?"

"எதுக்கு?"

"கடிக்க முடியாதுன்னு."

"ஆமா."

"நான் பாசம்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள். பிறகு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்க்கவும் தைரியம் வரவில்லை.

முதல் சில வாரங்கள் சுத்தம் செய்வதும் மாத்திரையுமாகப் போயின. எனக்கும் மனைவிக்கும்கூட வாயைச் சுத்தம் செய்தார்கள். ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து, உள்பக்கத்தில் மெல்லிய கம்பி ஒட்டினார்கள். கிருமி அடங்கியபின் ஈறைத் திறந்து அறுவை செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். அன்று நாங்கள் மூவரும் போயிருந்தோம். குழிக்குள் எதை வைப்பீர்கள் என்று கேட்டேன். பொடி வைப்பார்கள், சிமெண்ட் வைப்பார்கள் என்று என்னென்னவோ நினைத்திருந்தேன்.

"எங்க பட்டறைல குழியை அடைச்சுப் பெயின்ட் அடிச்சு அனுப்புனா அது ஏமாத்து வேலைங்க" என்றேன். "ரிஜெக்ட்தான் பண்ணுவோம்."

டாக்டர் சிரித்தார். "இது அடைக்கறதில்லீங்க சார், வளர விடறது. கொஞ்சம் எலும்புப் பொடியும் சேப்போம். ஆனா முக்கியமானது பொண்ணோட இரத்தந்தான்."

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். பல் எலும்பில் முளை அடித்ததுபோல இறுகி நிற்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். வேருக்கும் எலும்புக்கும் நடுவில் நுண்ணிய நார்கள் இருக்கின்றன. அவற்றில்தான் பல் கட்டுப்பட்டு நிற்கிறது. மெல்லும்போது அந்த நார்கள்தான் பாரத்தைத் தாங்கிக் கொடுக்கின்றன. ஆகவே எலும்பு மட்டும் வளர்ந்தால் போதாது. நார் வளர வேண்டும், அது வேரிலும் எலும்பிலும் பிடிக்க வேண்டும். இவையெல்லாம் மெதுவாக வளர்கிறவை. ஆனால் ஈறின் மேல்தோல் இருக்கிறதே, அது மகா அவசரம். காயம் பட்டதும் முதல் ஆளாக ஓடிவந்து, குழிக்குள் இறங்கி, வேரை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். மற்றவை வந்து பார்த்தால் இடம் இருக்காது. மேலே ஆறிய மாதிரி தெரியும், உள்ளே பிடிப்பு இருக்காது.

"அதனால ஈறைக் கொஞ்ச நாளைக்குத் தடுத்து வைக்கோணும். எலும்புக்கும் நாருக்கும் டைம் வாங்கிக் குடுக்கோணும். அதுக்குத்தான் ஒரு சவ்வு. அதை இரத்தத்துலயே எடுத்தரலாம். டெங்கு வந்தா கொறையுதும்பாங்களே பிளேட்லெட், அதுக்குள்ள குரோத் ஃபேக்டர்னு இருக்குதுங்க. காயம் பட்ட எடத்துல போயி, நீ வா, நீ பெருகு, இங்க ஒரு இரத்தக்குழாய் வேணும்னு கூப்பிட்டுச் சொல்றது அதுதான். அந்தச் சவ்வுல இருந்து அது ஒரேயடியா கொட்டாது. கொஞ்சங் கொஞ்சமா கசியும்."

மகள் என்னையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ அப்பா ஈறு, அம்மா எலும்பு" என்றாள்.

டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏஞ் சாமி அப்பிடிச் சொல்லுது?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

"இவிய அப்பிடித்தானுங்க டாக்டர்" என்றாள் மனைவி. "புள்ள தும்மறதுக்குள்ள இவிய மாத்திரை வாங்கியாந்துருவாங்க."

அறுவை நாள் வந்தது. அன்று காலையில் மூவரும் போனோம். மகளை நாற்காலியில் உட்கார வைப்பதற்கு முன், பக்கத்து அறையில் இரத்தம் எடுத்தார்கள். அப்போதுதான் நான் உள்ளே நுழைந்து, வீட்டிலிருந்தே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"டாக்டர், எங்க ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்புங்க. என்னோடதை எடுத்துக்கங்க. எவ்வளவு வேணுமோ எடுத்துக்கங்க."

டாக்டர் மகளின் முழங்கை மடிப்பைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். "குரூப்புப் பிரச்சனை இல்லீங்க சார். இது அவளோடதாத்தான் இருக்கோணும். அவ உடம்பு அவளோடதுன்னு தெரிஞ்சாத்தான் எடுத்துக்கும். உங்களோடது இதுக்கு ஆகாதுங்க."

உங்களோடது ஆகாது. அவர் இதமாகத்தான் சொன்னார். பள்ளிக் கட்டணம், மழைக்கோட்டு, காய்ச்சலுக்குக் கஞ்சி என்று பதினெட்டு வருடம் அவளுக்கு வேண்டியதையெல்லாம் நான் கொடுத்திருக்கிறேன். அவளே கேட்காத ஒன்றையும் கொடுத்திருக்கிறேன், இந்த நோயை. அதைச் சரிசெய்ய என்னிடமிருந்து ஒரு சொட்டும் எடுத்துக்கொள்ள முடியாது என்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, மயக்கம் போட்டறாதீங்க. அப்பறம் உங்களைத் தனியாப் பாக்கோணும்" என்றாள் மகள், ஊசி ஏறிய கையோடு.

இரத்தம் நிறைந்த சின்னக் குழாய்களை நேரம் கடத்தாமல் சுழலும் இயந்திரத்தில் வைத்து மூடினார்கள். உறையாமலிருக்க எந்த மருந்தும் சேர்ப்பதில்லை, அதனால் எடுத்த உடனே சுற்றியாக வேண்டும் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார். இயந்திரம் வேகம் பிடிக்கும் சத்தம் எனக்குப் பழகிய சத்தம். பட்டறையில் மோட்டார் ஓடினால், சமநிலை சரியாக இருக்கிறதா என்று காது தானாகக் கேட்கும். அன்றும் கேட்டது. அதிர்வில்லாமல் ஓடியது. எனக்கு அந்த அறையில் புரிந்தது அது ஒன்றுதான். ஆகவே அதையே கேட்டுக்கொண்டு நின்றேன்.

இயந்திரம் நின்றதும் நர்ஸ் ஒரு குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். அடியில் கருஞ்சிவப்பு. மேலே வெளிறிய மஞ்சள் நீர். நடுவில், இளநீர் வழுக்கையைவிடக் கொஞ்சம் கெட்டியாக, மங்கலான ஒரு கட்டி. அதை இடுக்கியால் எடுத்து, ஒட்டியிருந்த சிவப்பை நறுக்கிவிட்டு, எஃகுப் பெட்டி ஒன்றில் வைத்து மூடியால் மெல்ல அழுத்தினார். திறந்தபோது, ஈரமான, மெல்லிய சவ்வு. இதைப் பார்க்கவா என் மகளை இத்தனை நாள் வளர்த்தேன் என்று தோன்றியது. அடுத்த கணமே, இதுவும் அவள்தானே என்றும் தோன்றியது. பெட்டியை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

வெளியே மனைவியும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவள் பையிலிருந்து பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். கிளினிக்கில் பூண்டு உரிக்கிற ஒரே பெண் என் மனைவியாகத்தான் இருப்பாள். நான் முறைத்தேன்.

"என்னுங்க? சும்மா உக்காந்தா மட்டும் சீக்கிரம் முடிஞ்சுருமா?" என்றாள். ஒரு பூண்டுப் பல்லைத் தோலோடேயே உரித்ததோடு சேர்த்துப் போட்டாள்.

மகள் வெளியே வந்தபோது மேலுதடு வீங்கி, ஈறின் மேல் ரோஸ் நிறத்தில் மாவு அப்பியதுபோல ஒரு கட்டு. பேச்சைக் குறைக்க வேண்டும், உதட்டை இழுக்கக் கூடாது, வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது. அந்தப் பக்கம் பிரஷ் படக் கூடாது, தரும் மருந்தால் மெதுவாகக் கொப்பளித்தால் போதும். முக்கியமாக, உதட்டைத் தூக்கி யாரும் பார்க்கக் கூடாது. கடைசியைச் சொல்லும்போது டாக்டர் என்னைத்தான் பார்த்தார்.

அக்காவுக்குப் போனில் சொல்லியிருந்தோம். இரண்டு நாளில் சோமனூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். தூக்குப் போசியில் இடியாப்பம் மாதிரி பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும். மெல்ல வேண்டியதில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கும் என்று யோசித்துக் கொண்டுவந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்வரை சரியாகத்தான் இருந்தார். மகளின் வீங்கிய முகத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான சந்து பாத்து யோகம்னேன். கண்ணைப் புடுங்கி எறியோணும். சொந்தமெல்லாம் கூட்டி வெச்சுச் சொல்லிப் பெருமைப்பட்டனே சாமி..."

அக்கா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. மகள் எழுந்து போய் அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வாயைத் திறக்காமல், வலது கையைக் கிண்ணம்போல் குவித்து உதட்டருகே கொண்டுபோய், புருவத்தை உயர்த்தினாள்.

தறிக்கூடத்தில் யாரும் வாயால் பேச முடியாது. சத்தத்தில் காது கேட்காது. அதனால் அங்கே எல்லாவற்றுக்கும் கை ஜாடைதான். நூல் அறுந்துவிட்டது என்பதற்கு ஒன்று, முதலாளி வருகிறார் என்பதற்கு ஒன்று, டீ வந்தாச்சு என்பதற்கு ஒன்று. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் மகள் பார்த்திருக்கிறாள். அது டீ ஜாடை. டீ வேண்டுமா அத்தை என்று கேட்கிறாள்.

அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே, இரண்டு விரலைக் காட்டி, பிறகு நாக்கைத் தொட்டுக் கையை ஆட்டினார். இரண்டு டீ, சர்க்கரை வேண்டாம். அப்புறம் அன்று பூராவும் அவர்கள் இருவரும் அப்படியே பேசிக்கொண்டார்கள். வீட்டில் அக்கா இருந்தும் சத்தமில்லாத நாள் அது ஒன்றுதான். மதியம் வேலைக்குப் போன நான் பொழுது சாய்ந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் மகளின் முகத்தருகே குனிந்தபோது, அக்கா மகளைப் பார்த்து ஒரு ஜாடை காட்டினார். முதலாளி வந்துட்டாரு, தறியைப் பாரு.

மகள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல், தோள் குலுங்க. கையை வாயில் வைத்துக்கொண்டவள் எடுத்தபோது விரலில் இரத்தம்.

அந்த நிமிடத்தை என்னால் இன்னும் சாதாரணமாக நினைக்க முடியவில்லை. அக்கா சுவரோடு ஒட்டிப்போனார். மனைவி ஐஸ் எடுக்க ஓடினாள். எனக்குச் செல்போனில் டாக்டரின் எண் கிடைக்கவில்லை. திரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தையல் பிரிந்திருக்கும், சவ்வு நகர்ந்திருக்கும், ஈறு உள்ளே புகுந்துவிடும், பல் போய்விடும் என்று என் தலைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. ஒரு வழியாக அவர் எடுத்தபோது நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை.

"கட்டு அப்பிடியே இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"இரத்தம் எச்சில்ல கலந்தாப்பல வருதா, இல்ல சொட்டுச் சொட்டா விழுதா?"

மனைவி பார்த்துச் சொன்னாள். எச்சிலில்தான்.

"அப்போ ஐஸை உதட்டுமேல வெளிப்பக்கமா வெச்சுட்டுப் படுக்கச் சொல்லுங்க. காலைல கூட்டியாங்க. சார், நீங்க உக்காந்து தண்ணி குடிங்க."

காலையில் பார்த்தார்கள். தையல் ஒன்றும் பிரியவில்லை. ஓரத்தில் லேசாகக் கசிந்திருந்தது, அவ்வளவுதான். அக்கா அன்றே ஊருக்குக் கிளம்பிவிட்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "நான் இருந்தா புள்ள சிரிச்சுப்போடும். ஆறட்டும். அப்பறம் வாரேன்" என்றார்.

தையல் பிரித்தபிறகு காத்திருப்பதுதான் சிகிச்சை. உள்ளே என்ன நடக்கிறது என்று அரை வருடத்துக்குக் கம்பி விட்டுப் பார்க்கக் கூடாது. பார்த்தால் புதிதாகப் பிடித்துக்கொண்டிருக்கும் நாரை நாமே அறுப்பதுபோல ஆகும். பரிசோதிப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இதைவிடக் கஷ்டமான விஷயம் இல்லை. எங்கள் பட்டறையில் சந்தேகம் வந்தால் தட்டிப் பார்ப்போம், அளந்து பார்ப்போம், ஒன்றை அறுத்தே பார்த்துவிடுவோம். இங்கே நம்பிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்.

நான் சும்மா இருக்கவில்லை. உதட்டைத் தூக்கவில்லை, அவ்வளவுதான். அவள் சாப்பிடும்போது எந்தப் பக்கம் மெல்லுகிறாள் என்று பார்ப்பேன். பேசும்போது அந்தப் பல் அசைகிறதா என்று பார்ப்பேன். அவள் கொட்டாவி விட்டால்கூட எட்டிப் பார்ப்பேன். ஆப்பிளைத் துருவிக் கொடுத்தேன். அரிசிம்பருப்புச் சாதத்தை இன்னும் குழைய வை என்று மனைவியிடம் சண்டை போட்டேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் முன்னால் பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டாள். சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு அறைக்குள் போனாள். வலி இருக்குமோ, சொல்ல மாட்டேன் என்கிறாளோ என்றுதான் நான் பயந்தேன்.

குறித்த காலம் முடிந்து போனபோது, டாக்டர் பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் எழுந்துபோய்க் கிட்டத்தில் நின்றேன். முன்பல் வேரின் பக்கத்தில் கறுப்பாக இருந்த குழியில், மார்கழிக் காலையில் தோட்டத்தின் மேல் நிற்கும் பனிபோல ஒரு சாம்பல் நிறம். அடியில் அடர்த்தியாக, மேலே வர வர மெலிந்து. கம்பியை விட்டுப் பார்த்தார். முன்பு போய்க்கொண்டே இருந்தது, இப்போது சீக்கிரமே நின்றது. கடைவாயில் இன்னும் நன்றாக வந்திருந்தது.

"முழுசா வரலீங்க. மேல கொஞ்சம் வராதுன்னு நெனைக்கறேன். ஆனா வந்திருக்குது. நல்லாவே வந்திருக்குது" என்றார். "பல்லு நிக்கும்."

"எவ்வளவு வருசத்துக்குங்க? என் வயசு வரைக்கும் நிக்குமா?"

"அதை நான் சொல்ல மாட்டனுங்க சார். பாத்துக்கறதைப் பொறுத்து இருக்குது. மூணு மாசத்துக்கொருக்கா வந்து சுத்தம் பண்ணீட்டே இருக்கோணும். இப்போதைக்குன்னு இல்ல, எப்பவுமே."

"கூட்டியாந்தர்றனுங்க. லீவு போட்டுட்டாவது கூட்டியாந்தர்றேன்."

அப்போது மகள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். "நானே வந்துக்கறனுங்க டாக்டர்." பிறகு என் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்துவிட்டது. "அப்பா, கோவிச்சுக்காதீங்க. நீங்க கூட வந்தா எனக்குப் பயமா இருக்குதுங்க. உங்க மூஞ்சியப் பாத்தா பல்லு போயிருச்சோன்னு ஆயிருது. தனியா இருந்தா நல்லாத்தான் இருக்கேன்."

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் திரையில் எதையோ தேடுவதுபோல இருந்தார். நான் சரி கண்ணு என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனது வலியால் அல்ல. என் கண்ணிலிருந்து தப்பிக்கத்தான் போயிருக்கிறாள்.

மூன்று மாதம் கழித்து அவள் தனியாகப் போனாள். நான் வேலைக்குப் போய்விட்டேன். அன்று நான் தேறியது என்று விட்ட வார்ப்படங்களை மறுநாள் ஒருமுறை திரும்பப் பார்த்துக்கொண்டேன், அப்படி ஒரு மனநிலை. மதியம் போன் வந்தது. "கெட்டியா இருக்குதாமாங்க. பஸ்ஸு வந்துருச்சு, வெச்சர்றேன். சாப்பிட்டீங்களா?" பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இப்போதும் அவள் எதையாவது கடிக்கும் சத்தம் கேட்டால் எனக்கு உள்ளே ஒரு இழுப்பு இழுக்கும். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவள் தட்டோடு வந்து எங்களோடு உட்கார்ந்தாள். பஸ்ஸில் நடந்த ஒரு சண்டையைச் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு பெரியம்மா இரண்டு கோழிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஏறி, கண்டக்டர் கேட்டபோது துணிமணி என்று சாதித்திருக்கிறார். சரியாக அந்த நேரம் பார்த்துத் துணிமணி கத்தியிருக்கிறது. மகள் கண்டக்டர் மாதிரியும் பேசினாள், பெரியம்மா மாதிரியும் பேசினாள், கோழி மாதிரியும் கத்தினாள்.

இத்தனை மாதமாக அவள் பேசும்போதெல்லாம் நான் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்ன பேசினாள் என்று கேட்டால் பாதிக்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. அன்று கண்ணைப் பார்த்துக் கேட்டேன்.

"அப்பறம்? டிக்கெட் போட்டாங்களா?" என்றேன்.

"எதுக்குங்க, கோழிக்கா?" என்றாள். மேற்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.